எண் எங்கிருந்து வந்தது?
வணிகத் தகவல் முறைப் படிப்பு குறித்து ஒரு திறனாய்வு

தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் திருவிடைமருதூர் தேரடிப் பக்கம் தேநீர் குடிக்கப் போனால், கல்லூரி ஆசிரியன் என்ற காரணத்துக்காகவே நாலு பேர் அருகில் வந்து அமர்வார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்தவர் ஒரு சிறு விவசாயி.

"சார், பையன் பி.காம். சி.ஏ. எடுக்கறேங்கறான். முடிச்சா ஆடிட்டர் ஆயிடலாங்களா?"

"அந்த சி.ஏ. வேற அண்ணே. இது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்."

"அப்ப கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போவானா?"

இதற்கு உடனே ஆம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப என்னதாங்க சொல்லிக்கொடுப்பாங்க?" என்றார்.

இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. கணிப்பொறிப் பயன்பாட்டுடன் கூடிய பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகிய படிப்புகளில் 'மேலாண்மைத் தகவல் முறைமை' என்றோ 'வணிகத் தகவல் முறைமை' என்றோ ஒரு பாடம் வருவதுண்டு. அந்தப் பாடம் எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்கத் தவறுகிறது, அதனிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை ஆராய்வோம்.

இயற்பியல் ஆசிரியனுக்கு வணிகவியலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் துறைக்கு வர வேண்டிய மாணவர்கள் அந்தப் பக்கம் போகிறார்களே என்ற பொறாமை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதுமட்டும் காரணமன்று. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாணவி இருக்கிறாள். திருபுவனத்துப் பட்டு நெசவாளரின் மகள்; பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் படித்தவள். தன் பாடக் குறிப்புகளை எடுத்துவந்து என்னிடம் சந்தேகம் கேட்பது அவள் வழக்கம். அவளோடு சேர்ந்து நானும் அந்தப் பாடத்தைப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பாடத்தின் பொருள் என்ன?

நியாய விலைக் கடையில் குடும்ப அட்டையை நீட்டுகிறோம். தமிழ்நாட்டில் 2017 முதல் வழங்கப்பட்ட மின்னணு அட்டை அது. கடைக்காரர் அதைக் கருவியில் காட்டுகிறார்; பொருளையும் அளவையும் பதிகிறார்; சற்று நேரத்தில் நம் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. அதே பதிவினால் கடையின் இருப்புக் கணக்கிலும் அந்த அளவு குறைகிறது.

ஒரு குடும்பம் இத்தனை கிலோ வாங்கியது என்பது தரவு. இத்தகைய பதிவுகள் பலவற்றைத் தொகுத்து, அடுத்த மாதம் இந்தக் கடைக்கு எத்தனை மூட்டை அனுப்பலாம் என்று முடிவு செய்யும்போது, அந்தத் தரவு தகவலாகிறது. நிகழ்ச்சி, பதிவு, தொகுப்பு, முடிவு என்ற இந்தச் சங்கிலியைத்தான் தகவல் முறைமை என்கிறோம். கணிப்பொறி அதில் ஓர் உறுப்பு மட்டுமே.

கணிப்பொறி இல்லாத காலத்திலும் தகவல் முறைமை இருந்தது என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அவர்கள் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை நிறைவு செய்யப்படுவதால் கணக்கில் 96 என்றும் 96-தான். அதனால்தான் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். அளக்கும் அளவைக்கும் 'ஆடவல்லான்' என்று தனிப்பெயர் உண்டு. எது எண்ணப்படுகிறது, எந்த அளவையால், யார் பொறுப்பில் என்ற மூன்றும் எல்லோரும் காணும் சுவரில் வெட்டி வைக்கப்பட்டன. ஒரு நல்ல தகவல் முறைமைக்கு இதற்கு மேல் என்ன இலக்கணம் வேண்டும்?

வணிகத்துக்குள் கணிப்பொறி நுழைந்த கதையும் சுவையானது. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளையும் ரொட்டி ஆலைகளையும் நடத்திவந்த லயன்ஸ் என்ற நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணிப்பொறியைப் பின்பற்றி 'லியோ' என்ற கணிப்பொறியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் ரொட்டி, கேக் வகைகளின் மதிப்புக் கணக்கை அது போடத் தொடங்கியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தன் அலுவலக வேலைமுறைகளை ஆராயத் தனிப் பிரிவு ஒன்றை அந்த நிறுவனம் வைத்திருந்தது. முதலில் வேலையைப் புரிந்துகொண்டார்கள். இயந்திரம் பிறகு வந்தது. இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டு நம் பாடத்திட்டத்தைப் பார்ப்போம்.

பாடத்திட்டத்தின் நிறை

நம் பல்கலைக்கழகங்களின் வழக்கப்படி பாடம் ஐந்து அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முறைமை என்றால் என்ன என்பது முதலில் வரும். அன்றாட நடவடிக்கைகளைப் பதியும் முறை, மேலாளருக்கு அறிக்கை தரும் முறை, முடிவெடுக்க உதவும் முறை என்ற வகைகள் அடுத்து வரும். பிறகு தரவுத்தளம், புதிய முறைமையை உருவாக்கும் கட்டங்கள், இறுதியில் பாதுகாப்பு.

இந்த அமைப்பைக் குறை சொல்ல முடியாது. குறிப்பாக, ஒரு முறைமையை உருவாக்கும் கட்டங்களை விளக்கும் அலகு மிகவும் பயனுள்ளது. தேவையை ஆராய்தல், வடிவமைத்தல், சோதித்தல், நடைமுறைப்படுத்தல், பராமரித்தல் என்ற ஒழுங்கு ஒரு மளிகைக் கடைக்கும் பொருந்தும், மாநில அரசுக்கும் பொருந்தும். கடன் சங்க எழுத்தர் வேலையைக்கூட ஒரு பெரிய ஓட்டத்தின் பகுதியாகப் பார்க்கும் பழக்கத்தை மாணவர் இதனால் பெறலாம்.

பாடத்திட்டத்தின் குறை

குறை எங்கே இருக்கிறது? என் பக்கத்து வீட்டு மாணவியின் குறிப்பேட்டில் மேலாண்மைத் தகவல் முறைமைக்கு ஆறு வரையறைகள் இருந்தன. அதன் நன்மைகள் பத்து, குறைபாடுகள் எட்டு. ஒரு முக்கோணப் படத்தில் அடியில் எழுத்தர்கள், நடுவில் மேலாளர்கள், உச்சியில் இயக்குநர்கள். எல்லாவற்றையும் அவள் தடையின்றி ஒப்பித்தாள்.

"சரி, உங்கப்பாவுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத்தானே கொடுக்கிறார்கள்? சேலை நெய்து கொடுக்கும்போது மறுபடியும் எடை போடுகிறார்கள். இரண்டு எடையும் எங்கே எழுதப்படுகிறது? வித்தியாசம் வந்தால் யார் பார்ப்பது?" என்று கேட்டேன்.

"அது எங்க பாடத்துல இல்லையே சார்" என்றாள்.

அதுதான் பாடம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். பட்டு வணிகத்தில், உலர்ந்த எடையின்மேல் 11 விழுக்காடு ஈரம் என்று ஒரு மரபளவே உண்டு. ஆக, ஐப்பசி மழையில் போட்ட எடையும் சித்திரை வெயிலில் போட்ட எடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதை அறியாத கணிப்பொறி, நெசவாளர் கணக்கில் குறைவு என்று காட்டும். அறிந்த மனிதர் அதைச் சரியாகப் புரிந்துகொள்வார். தன் வீட்டுத் தறியிலேயே ஒரு தகவல் முறைமை ஓடுவதைப் பார்க்கச் சொல்லித்தராத வகுப்பு, எத்தனை வரையறைகளைத் தந்து என்ன பயன்?

இரண்டாவது குறை, செய்முறை வகுப்பு பற்றியது. அங்கே டேலி, எக்செல் ஆகியவற்றின் பொத்தான்களை அழுத்தக் கற்றுத் தருகிறார்கள். அது தேவைதான். ஆனால் எண்களை ஆசிரியரே தாளில் அச்சடித்துத் தந்துவிடுகிறார். மாணவர் அவற்றைத் தட்டச்சு செய்கிறார், கூட்டுத்தொகை வருகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த அறைக்குள் நுழைவதே இல்லை. இயற்பியல் ஆய்வகத்தில் அளவியை மாணவர் கையில் கொடுக்காமல், அளவீடுகளை நாங்களே எழுதித் தந்தால் அது எவ்வளவு கேலிக்குரியதோ, இதுவும் அவ்வளவே.

மூன்றாவது குறை, தகவல் கூடினால் முடிவு சிறக்கும் என்று கேள்வியின்றி நம்பவைப்பது. ரஸ்ஸல் அக்காஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1967-லேயே இதை மறுத்து எழுதினார். மேலாளர்களின் துன்பம் தகவல் குறைவு மட்டுமன்று. வேண்டாத தகவலின் மிகுதியே பெருந்துன்பம் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரை வெளியாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் குறிப்பேடுகளில் அதன் சாயல்கூட இல்லை.

ஈரப்பதம் என்ற எண்

இனி, தேரடியில் என்னைச் சந்தித்த விவசாயியின் களத்துக்குப் போவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் விவரங்களைப் பதிந்து, தம் முறைக்காகக் காத்திருந்து அவர் நெல்லைக் கொண்டுபோகிறார். நெல் 40 கிலோ மூட்டைகளாக எடை போடப்படுகிறது. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இதுவும் ஒரு தகவல் முறைமையே. அதன் வாயிலில் நிற்கும் எண் ஈரப்பதம். பொது வரம்பு 17 விழுக்காடு.

ஈரமானி எப்படி வேலை செய்கிறது? நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. உலர்ந்த தானியத்துக்கு அது மிகக் குறைவு. ஆகவே நெல்லில் நீர் கூடும்போது அதன் மின் பண்பு மாறுகிறது. கருவி அந்த மாற்றத்தை அளந்து விழுக்காடாகக் காட்டுகிறது. அதாவது அது நீரை நேரடியாக எடை போடவில்லை. நெல்லின் வெப்பநிலை, குவியலின் எந்த இடத்தில் கைப்பிடி எடுத்தோம் என்பது, கருவி முறைப்படி ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்டதா என்பது ஆகிய யாவும் அந்த எண்ணைப் பாதிக்கும்.

கருவியின் பிழை அரை விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது 17.3 என்று காட்டினால் உண்மை 16.8 ஆகவும் இருக்கலாம், 17.8 ஆகவும் இருக்கலாம். இயற்பியல் மாணவர் அந்த ஐயத்தையும் சேர்த்து எழுதுவார். கணிப்பொறியில் பதியும்போதோ 17.3 மட்டும் நிற்கிறது; ஐயம் காணாமற்போகிறது. திரையில் தெரியும் எண்ணுக்கு அது அளக்கப்பட்டபோது இல்லாத உறுதி வந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு. 20 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எவ்வளவு எடை குறையும்? 3 கிலோ என்பார்கள் பலர். உலர்பொருள் 80 கிலோ மாறாது; உலர்ந்தபின் அது மொத்தத்தில் 83 விழுக்காடு. எனவே புதிய எடை 96.4 கிலோ, இழப்பு 3.6 கிலோ. இந்தச் சூத்திரத்தை எக்செல் தானாகக் கண்டுபிடித்துத் தராது. எண்ணின் பொருள் தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று. மழை மிகுந்த பருவங்களில் மைய அரசு இந்த வரம்பைத் தளர்த்துவதுண்டு. 2022-ல் தமிழ்நாட்டுக்கு 19 விழுக்காடு வரை இசைவு தந்தது. ஆகவே இரண்டு ஆண்டுகளின் கொள்முதல் விவரத்தை ஒப்பிடுபவர், விதி மாறிய தேதியையும் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் விதியின் மாற்றத்தை விளைச்சலின் மாற்றம் என்று தவறாக எண்ணிவிடுவார்.

சரிகட்டும் கலை

எண் எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. அது மற்ற எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம் கேள்வி. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று ஒரு பாடம் உண்டு. நம் ரொக்க ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் அருகருகே வைத்து, வேறுபாட்டுக்குக் காரணம் காண்பது அது. மாணவர்கள் சலித்துக்கொள்ளும் பாடம். அதன் பெருமையை உணர்த்த நம் அருகிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

1904-ல் தொடங்கி இன்றும் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, 2018 பிப்ரவரி 7 அன்று வழக்கமான சரிகட்டும் பணியைச் செய்தது. வங்கி அனுப்பாத மூன்று பணப்பரிமாற்றங்கள், வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் சுவிஃப்ட் வலையின் வழியே வெளிநாட்டு வங்கிகளுக்குப் போயிருந்தன. திருடர்கள் கணிப்பொறிக்குள் புகுந்திருந்தனர். மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். உடனே கண்டதால் அதில் 5 லட்சம் டாலர் பரிமாற்றத்தைத் தடுத்து மீட்க முடிந்தது. திருட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பழைய ஒழுக்கமே.

அதே மாதம் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் இந்த ஒழுக்கம் இல்லாமற்போனதன் விளைவைக் காணலாம். மும்பைக் கிளை ஒன்றிலிருந்து வைர வணிகர்களுக்காக வெளிநாட்டுக் கிளைகளுக்கு உறுதிச் செய்திகள் சுவிஃப்ட் வழியே போயின. ஆனால் வங்கியின் மையக் கணிப்பொறிப் பேரேட்டில் அவை பதியப்படவில்லை. இரண்டு முறைமைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. 2018 பிப்ரவரி 14 அன்று வங்கி அறிவித்தபோது தொகை ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய்.

மறுபுறம், கணிப்பொறி சொன்னதே வேதம் என்று நம்பினாலும் கேடு உண்டு. பிரிட்டனின் அஞ்சல் துறை 'ஹொரைசன்' என்ற கணக்கு முறைமையை நிறுவியது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். முறைமையில் பிழைகள் இருந்தன என்று 2019-ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் கண்டது. 2024-ல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்பாளர்கள் நம் ஊர்க் கூட்டுறவுச் சங்க எழுத்தரைப் போன்ற எளிய மனிதர்கள். நாளை நம் மாணவர் அந்த நாற்காலியில் அமரலாம். அல்லது அவர் எழுதிய நிரலை நம்பி வேறொருவர் மீது குற்றம் சாட்டப்படலாம். வரையறைகளை ஒப்பித்துப் பெற்ற மதிப்பெண் இரண்டு நிலையிலும் துணைக்கு வராது.

வேலை கிடைக்குமா?

பெற்றோரின் கவலை இதுதான், அதில் தவறில்லை. கணக்காளர் அலுவலகம், சரக்கு சேவை வரிக் கணக்கு, வங்கி, கூட்டுறவு நிறுவனம், பெரிய கடைகளின் கணக்குப் பிரிவு ஆகியவை இப்படிப்பினர் செல்லக்கூடிய இடங்கள். நிரல் எழுதும் வேலைக்கு இந்தப் பாடம் மட்டும் போதாது. அதற்குத் தனியே உழைக்க வேண்டும். ரசீதைப் பார்த்து எண்ணைத் தட்டச்சு செய்யும் வேலையை நம்பிச் சேர்வது நல்லதன்று. அச்சிட்ட ரசீதைப் படித்துத் தானே பதியும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பதிந்தது சரியா, பொருந்துகிறதா, இல்லையெனில் ஏன் என்று கேட்டுக் கண்டுபிடிப்பவருக்குத் தேவை குறையாது.

கல்லூரியில் கணிப்பொறிகள் போதவில்லை, ஆசிரியர்கள் போதவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் கேட்பதற்குக் கணிப்பொறியே வேண்டாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு கடையையோ, தறியையோ, பால் சங்கத்தையோ தேர்ந்து, அங்கே எழுதப்படும் ஓர் எண்ணை அதன் பிறப்பிலிருந்து முடிவு வரை பின்தொடரட்டும். யார் அளந்தார், எதனால் அளந்தார், எத்தனை இடத்தில் எழுதப்பட்டது, எங்கே வேறுபட்டது, யார் சரிகட்டினார் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதட்டும். கடைசி ஆண்டுத் திட்ட அறிக்கையாக இதையே ஏற்றுக்கொண்டால், ஒருவர் அறிக்கையை மற்றவர் படியெடுக்கும் வழக்கமும் ஒழியும். தமிழில் எழுதவும் தடையில்லை. பேரேடு, பற்று, வரவு, இருப்பு என்று இதற்கு வேண்டிய சொற்கள் நம் தாத்தாக்களின் கணக்குப் பிள்ளைகளிடமே இருந்தன.

சேர நினைக்கும் மாணவர்கள் கல்லூரியில் மூன்று கேள்விகள் கேட்கலாம். செய்முறை வகுப்பில் எண்களை நாங்களே திரட்டுவோமா? இரண்டு கணக்குகளை ஒப்பிட்டுச் சரிகட்டும் பயிற்சி உண்டா? வெளியே ஒரு நிறுவனத்தைப் பார்த்து எழுத வாய்ப்புத் தருவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள். இல்லை என்றாலும் சேரலாம். ஆனால் இந்த மூன்றையும் நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்று தெரிந்து சேருங்கள்.

அந்த விவசாயியின் மகன் அந்தப் படிப்பில்தான் சேர்ந்தான். சென்ற தை மாத அறுவடையின்போது அவனைக் களத்தில் பார்த்தேன். அப்பாவின் நெல் குவியலில் ஐந்து இடங்களில் கைப்பிடி எடுத்து, இரவல் வாங்கிய ஈரமானியில் வைத்து, ஐந்து எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். ஐந்தும் வேறு வேறாக இருந்தன.

"எது சார் சரி?" என்று கேட்டான்.

அவன் படிப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றியது.